ஒரே கட்டடம், ஒரே பள்ளி: சிறிய சார்ட்டர் பள்ளிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர், வகுப்பு முடியும்வரை கூடத்தில் நின்று பேசிக்கொண்டிருப்பது வழக்கம். அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்தில், செயின்ட் பால் நகரத்துப் பக்கம் இருக்கிறோம். ஜனவரி வந்துவிட்டால் இங்கே பேச்சு ஒன்றுதான்: அடுத்த வருஷம் எந்தப் பள்ளி? ஒரு சிறிய சார்ட்டர் பள்ளியின் போர்டில் (நிர்வாகக் குழுவில்) நான் ஆறு வருஷம் இருந்ததால் கேள்விகள் என்னிடம் வந்து சேரும். அவசரத்தில் ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட, உட்கார்ந்து எழுதிவிட்டேன். பணக் கணக்கும் போர்டு விதிகளும் மினசோட்டாவுடையவை. மற்ற மாநிலங்களில் சட்டம் மாறும், பாடு அதேதான்.

சார்ட்டர் பள்ளி தனியார் பள்ளியா? ஃபீஸ் கட்ட வேண்டுமா?

இல்லை. அரசுப் பணத்தில் நடக்கும் பொதுப் பள்ளி. ஃபீஸ் கிடையாது, நுழைவுத் தேர்வு கிடையாது, மதப் பாடமும் கிடையாது. (ஓக்லஹோமாவில் ஒரு கத்தோலிக்க சார்ட்டர் தொடங்கப் பார்த்தார்கள். 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் 4-4 என்று பிரிந்ததால், அதைத் தடுத்த மாநில நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது.)

வேறுபாடு நிர்வாகத்தில்தான். ஊர்ப் பள்ளிகளை மாவட்டக் கல்வி வாரியம் நடத்துகிறது. சார்ட்டர் பள்ளிக்குத் தனியாக ஒரு போர்டு உண்டு. 'இப்படிச் சொல்லிக் கொடுப்போம், இவ்வளவு முன்னேற்றம் காட்டுவோம்' என்று அந்த போர்டு ஓர் ஒப்பந்தம் போடுகிறது. அந்த ஒப்பந்தத்துக்குப் பெயர்தான் சார்ட்டர். அனுமதி கொடுத்து மேற்பார்வை பார்க்கும் அமைப்பை ஆதரைசர் என்பார்கள். மினசோட்டாவில் ஒப்பந்தம் அதிகபட்சம் ஐந்து வருஷம். சொன்னதைச் செய்யவில்லை என்றால் புதுப்பிக்காமல் விட்டுவிடலாம், பள்ளி மூடப்படும்.

ஊரிலிருந்து புதிதாக வந்தவர்களுக்கு அரசு உதவிபெறும் பள்ளியை உதாரணமாகச் சொல்வேன். சம்பளம் அரசுடையது, நிர்வாகம் வேறு கையில். ஆனால் உதவிபெறும் பள்ளிக்குச் சில வருஷத்துக்கு ஒருமுறை இப்படி ஓர் உயிர்ப் பரீட்சை வராது. ஒப்பீடு அந்த இடத்தில் நின்றுவிடும்.

'தனித்து இயங்கும் சிறிய சார்ட்டர்' என்று நீங்கள் சொல்வது எது?

ஒரு போர்டு, ஒரு பள்ளி. தலைமையகம் கிடையாது, வேறு ஊரில் கிளை கிடையாது. எதிர்ப்பக்கத்தில் இருப்பவை நெட்வொர்க் பள்ளிகள். கிப், ஐடியா, சக்சஸ் அகாடமி போன்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவற்றில் பாடத்திட்டம், ஆள் எடுப்பது, கணக்கு வழக்கு எல்லாம் ஒரே இடத்தில் முடிவாகும். கிப் மட்டும் 250-க்கும் மேற்பட்ட பள்ளிகளை நடத்துகிறது.

தனித்து இயங்கும் பள்ளி எல்லாமே தலை எண்ணிக்கையில் சிறியவை என்று சொல்ல முடியாது. எண்ணூறு பிள்ளைகள் படிக்கும் ஒற்றைப் பள்ளிகளும் உண்டு. ஆனால் பெரும்பாலானவை நூறு, இருநூறு, முந்நூறு பிள்ளைகளோடு ஓடுபவை. பள்ளித் தலைவருக்கு எல்லாப் பிள்ளைகளின் பெயரும் தெரியும் அளவு. நான் இங்கே பேசுவது அவற்றைப் பற்றி.

அப்படி எத்தனை இருக்கின்றன?

நீங்கள் நினைப்பதைவிட அதிகம். நாடு முழுக்க ஏறத்தாழ 8,000 சார்ட்டர் பள்ளிகள், அவற்றில் சுமார் 37 லட்சம் பிள்ளைகள். அரசுப் பள்ளிகளில் படிக்கும் நூறு பேரில் ஏழு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிகளை எண்ணினால் பாதிக்கும் மேல் தனித்து இயங்குபவைதான். செய்தித்தாளில் வருவதும் சட்டமன்றத்தில் பேசப்படுவதும் பெரும்பாலும் நெட்வொர்க்குகள். அதனால் சார்ட்டர் என்றாலே ஒரே சீருடை, ஒரே கோஷம், ஊருக்கு ஊர் கிளை என்ற படம் மனதில் பதிந்துவிடுகிறது.

இந்த யோசனை முதலில் யாருடையது?

இதைக் கேட்டால் எனக்குக் கொஞ்ச நேரம் பேச வேண்டும்.

'சார்ட்டர்' என்ற சொல்லைக் கல்வியில் கொண்டுவந்தவர் மாசசூசெட்ஸ் பேராசிரியர் ரே பட். அதை நாடறியச் செய்தவர் ஆல்பர்ட் ஷேங்கர், ஓர் ஆசிரியர் சங்கத் தலைவர்! 1987-ல் அவர் ஜெர்மனியில் கொலோன் நகரத்துப் பள்ளி ஒன்றைப் போய்ப் பார்த்தார். அங்கே ஆசிரியர்கள் குழுவாக இருந்து, ஒரே பிள்ளைகளை வருஷக்கணக்கில் கூடவே அழைத்துச் சென்றார்கள். எதை எப்படிச் சொல்லிக் கொடுப்பது என்பதை அவர்களே கூடிப் பேசி முடிவு செய்தார்கள். திரும்பி வந்தவர் 1988 மார்ச் 31 அன்று வாஷிங்டன் பத்திரிகையாளர் மன்றத்தில் பேசினார். ஆசிரியர்கள் சிலர் சேர்ந்து, புதிய முறை ஒன்றைச் சோதித்துப் பார்க்க அனுமதி கேட்கலாம். சில வருஷம் அவர்களை அவர்கள் போக்கில் விட வேண்டும். பலித்தால் மற்ற பள்ளிகள் எடுத்துக்கொள்ளட்டும். அவர் சொன்னது இவ்வளவுதான்.

அதைச் சட்டமாக்கிய முதல் மாநிலம் மினசோட்டா, 1991-ல். மாநில செனட்டர் எம்பர் ரைக்காட் யுங்கே கொண்டுவந்த அந்தச் சட்டம் மாநிலம் முழுவதற்கும் எட்டே எட்டுப் பள்ளிகளைத்தான் அனுமதித்தது. போர்டில் பெரும்பான்மை அந்தப் பள்ளியின் ஆசிரியர்களாக இருக்க வேண்டும் என்றும் சொன்னது. அந்த விதி 2009-ல் தளர்ந்தது.

நாட்டின் முதல் சார்ட்டர் பள்ளி 1992 செப்டம்பரில் செயின்ட் பால் நகரின் கிழக்குப் பகுதியில் திறந்தது. பெயர் சிட்டி அகாடமி. மைலோ கட்டரும் இன்னோர் ஆசிரியரும் தொடங்கியது. இடம், நகராட்சியின் பொழுதுபோக்கு மையக் கட்டடம். பிள்ளைகள் முப்பத்தைந்து பேர் அளவில், எல்லோரும் பள்ளியை விட்டு நின்றுபோனவர்கள். சார்ட்டர் என்ற ஏற்பாடு உலகத்துக்கு வந்தபோது அதன் உருவம் இதுதான்: இரண்டு ஆசிரியர், ஒரு கட்டடம், வேறு யாரும் எடுத்துக்கொள்ளாத பிள்ளைகள். பின்னாளில் ஷேங்கர் மனம் மாறினார். தனியார் கம்பெனிகள் உள்ளே நுழைவதைப் பார்த்துவிட்டு, தான் சொன்னது இதையல்ல என்று விமர்சித்தார்.

பிறகு நெட்வொர்க்குகள் எப்படி இவ்வளவு வளர்ந்தன?

நியாயமாகச் சொன்னால், இன்றைய நெட்வொர்க்குகளில் பல நேற்றைய ஒற்றைப் பள்ளிகள்தான். 1994-ல் ஹூஸ்டனில் மைக் ஃபைன்பெர்க், டேவ் லெவின் என்ற இரண்டு இளம் ஆசிரியர்கள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்துத் தொடங்கியதுதான் கிப். கலிஃபோர்னியாவின் முதல் சார்ட்டரான சான் கார்லோஸ் பள்ளிக்குப் பின்னால் இருந்த டான் ஷால்வி, 1998-ல் ஆஸ்பையர் நெட்வொர்க்கைத் தொடங்கினார். ஓர் இடத்தில் பலித்ததை நாலு இடத்தில் செய்யலாமே என்று தோன்றுவது இயற்கை.

பணம் அதே திசையில் ஓடியது. பெரிய அறக்கட்டளைகள் ஏற்கெனவே மதிப்பெண் காட்டியவர்களுக்கே கொடுக்க விரும்பின. 2005-ல் உருவான சார்ட்டர் ஸ்கூல் க்ரோத் ஃபண்ட், பெயருக்கேற்ப, வளர்கிறவர்களுக்கு நிதி தந்தது. ஒரு பள்ளியைப் பல பள்ளியாக்கும் நெட்வொர்க்குகளுக்கென்று மத்திய அரசும் 2010 முதல் தனி மானியம் வைத்தது. ஒரே பள்ளியை ஒழுங்காக நடத்தி அதிலேயே நிற்கிறேன் என்பவருக்கு அந்த வரிசையில் இடம் இல்லை. என் மனக்குறை இந்த இடத்தில்தான். ஒருவர் ஊர் ஊராகக் கிளை திறப்பதை வெற்றி என்று எண்ணுகிறோம். அதே ஊரில் இருபது வருஷம் அசையாமல் நின்று பிள்ளைகளை ஆளாக்குவதையும் வெற்றி என்று எண்ணும் கணக்கு நமக்கு வேண்டும்.

சிறிய பள்ளிகள் அப்படி என்ன புதிதாகச் செய்துவிட்டன?

இரண்டு பள்ளிகளைப் பற்றிச் சொல்கிறேன்.

மினசோட்டா ஆற்றங்கரையில் ஹெண்டர்சன் என்று ஒரு சின்ன ஊர். அங்கே இருக்கும் மினசோட்டா நியூ கன்ட்ரி ஸ்கூல் 1994-ல் தொடங்கியது. பாடவேளை மணி கிடையாது. அலுவலகம் மாதிரி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனி மேசை. பிள்ளை ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆசிரியரோடு பேசி, அதைப் பிராஜெக்டாகச் செய்து முடிக்க வேண்டும். ஆசிரியர்கள் எட்விஷன்ஸ் என்ற கூட்டுறவு அமைப்பில் உறுப்பினர்கள். பள்ளியைப் பற்றிய முடிவுகளை அவர்களே எடுத்தார்கள்.

1995 ஆகஸ்டில் அந்தப் பிள்ளைகள் ஆசிரியையோடு ஊருக்குப் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சதுப்பு நிலம் பார்க்கப் போனார்கள். புல்லில் குதித்த தவளைகளைச் சிலர் பிடித்தார்கள். கையில் எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்குக் கால் வளைந்து கிடக்கிறது, ஒன்றுக்குப் பின்னங்கால் இல்லை. பிடித்தது 22, கோணல் இருந்தது 11. வேறு பள்ளியாக இருந்தால் பஸ் வரும் நேரம், அடுத்த பாடம் என்று கிளம்பியிருப்பார்கள். இவர்களுக்கு அடுத்த பாடமே இதுதான் ஆனது. மாநில மாசுக் கட்டுப்பாட்டு அமைப்புக்குச் சொன்னார்கள், படங்களை இணையத்தில் போட்டார்கள். 1995-ல் இணையம் எவ்வளவு புதிது என்று நினைத்துப் பாருங்கள். மற்ற மாநிலங்களிலிருந்தும் கனடாவிலிருந்தும் அதே மாதிரித் தவளைகள் பற்றித் தகவல் வர ஆரம்பித்தது. விஞ்ஞானிகள் இறங்கினார்கள். தவளைக் குஞ்சுகளின் உடம்பில் புகும் ஒரு தட்டைப்புழு ஒட்டுண்ணி பல இடங்களில் முக்கியக் காரணம் என்று பின்னால் தெரிந்தது. இந்த விசாரணைக்கெல்லாம் கையில் தவளையோடு நின்ற பிள்ளைகள்தான் தூண்டுகோல்.

இரண்டாவது ஹவாய். 1896-ல் அங்கே ஹவாய் மொழி வழிக் கல்வியைச் சட்டம் போட்டு நிறுத்தினார்கள். இரண்டு, மூன்று தலைமுறைக்குள் அந்த மொழி பேசும் குழந்தைகள் விரல்விட்டு எண்ணும் அளவுக்குக் குறைந்துபோனார்கள். 1978-ல் அரசமைப்பு அதை மாநில ஆட்சிமொழிகளில் ஒன்றாக ஏற்றது. 1980-களில் பெற்றோரும் ஆசிரியர்களும் சேர்ந்து மழலையர் பள்ளிகள் தொடங்கினார்கள். சார்ட்டர் சட்டம் வந்ததும் அந்த இயக்கத்துக்கு மேல்வகுப்புகளிலும் இடம் கிடைத்தது. வைமேயா ஊரில் கூ கஹாகலாவ் 2000-ல் தொடங்கிய கானு ஓ கா ஆய்னா பள்ளியின் பெயருக்கே 'இந்த மண்ணின் செடி' என்ற பொருள். இன்று ஹவாயின் சார்ட்டர்களில் பாதிக்கு அருகில் ஹவாய் மொழியையோ பண்பாட்டையோ நடுவில் வைத்தவை. ஒவ்வொன்றுக்கும் அந்தந்த ஊர் மக்களைக் கொண்ட தனி போர்டு. டாரோக் கிழங்கு வயலில் இறங்கி அறிவியல் படிக்கிறார்கள். இப்படி ஒன்றை வேறு ஊர்த் தலைமையகத்தில் உட்கார்ந்து வரைந்து அனுப்ப முடியாது. மொழிக்காகப் போராடிய சனத்தில் பிறந்த நமக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை.

மதிப்பெண்ணில் நெட்வொர்க் பள்ளிகள் முந்துகின்றனவே?

உண்மை. மறைக்க வேண்டியது இல்லை. ஸ்டான்ஃபோர்டின் கிரெடோ ஆய்வு மையம் 2023-ல் வெளியிட்ட நாடளாவிய அறிக்கை, அதே மாதிரிப் பின்னணி உள்ள ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளோடு சார்ட்டர் பிள்ளைகளை ஒப்பிட்டது. வித்தியாசத்தைப் படிப்பு நாள்களாக மாற்றிச் சொன்னார்கள். நெட்வொர்க் பிள்ளைகள் வருஷத்துக்கு வாசிப்பில் 27 நாள், கணக்கில் 23 நாள் கூடுதலாகப் படித்ததற்குச் சமமான முன்னேற்றம். தனித்து இயங்கும் பள்ளிகளில் வாசிப்பில் 10 நாள் கூடுதல், கணக்கில் ஊர்ப் பள்ளிக்கும் அவற்றுக்கும் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை.

கணக்கில் நெட்வொர்க்குகளைவிடப் பின்தங்குவதற்கு எங்கள் பள்ளியில் நான் பார்த்த காரணம் சொல்கிறேன். ஆறு, ஏழு, எட்டு மூன்று வகுப்புக்கும் சேர்த்து எங்களுக்கு ஒரே கணக்கு ஆசிரியர். அவர் நடு வருஷத்தில் வேறு ஊருக்குப் போய்விட்டால் மூன்று வகுப்பும் காலி. நெட்வொர்க்கில் பக்கத்துக் கிளையிலிருந்து ஆள் வருவார், தயார் பாடத்திட்டம் வரும். எங்களுக்கு மாற்று ஆசிரியர் கிடைக்கப் பதினோரு வாரம் ஆனது. அந்தப் பதினோரு வாரம் பிள்ளைகளுடையது, திரும்பி வராது.

அதே சமயம் சராசரி என்பது சராசரிதான். ஒற்றைப் பள்ளிகளுக்குள் ஏற்றத்தாழ்வு மிக அதிகம். மிக நல்லவையும் உண்டு, சேர்க்கவே கூடாதவையும் உண்டு. நின்றுபோன பிள்ளைகளுக்காகவே நடக்கும் பள்ளியும் அதே கணக்கில்தான் வருகிறது. நீங்கள் பார்க்க வேண்டியது உங்கள் கண் முன்னால் இருக்கும் அந்த ஒரு பள்ளியின் எண்ணை.

பணம் எங்கிருந்து வருகிறது? ஏன் எப்போதும் நெருக்கடி?

பிள்ளைக்கு இவ்வளவு என்று மாநிலம் தருகிறது. மினசோட்டாவில் அடிப்படைத் தொகை ஒரு பிள்ளைக்கு வருஷத்துக்கு 7,000 டாலருக்குச் சற்று மேல். ஆயிரம் பிள்ளை இருக்கும் இடத்தில் ஒன்பது பேர் விலகினால் தெரியாது. நூற்று நாற்பது பேர் இருக்கும் இடத்தில் ஒன்பது பேர் விலகினால் ஓர் ஆசிரியர் சம்பளம் போய்விடும். ஒரே தெருவில் இருந்த இரண்டு குடும்பம் வீடு மாறியதற்கே நாங்கள் பட்ஜெட்டைத் திருத்தியிருக்கிறோம்.

வரும் பணத்திலும் மாநிலம் 90 சதவீதத்தை அந்த வருஷத்திலும் மீதி 10 சதவீதத்தை அடுத்த வருஷத்திலும் தருகிறது. அந்தப் பத்து வரும்வரை சம்பளம் கொடுக்கக் கையில் ரொக்கம் இருக்க வேண்டும்.

அப்புறம் கட்டடம். ஊர்ப் பள்ளி மாவட்டம் சொத்து வரி போட்டுக் கட்டடம் கட்டலாம். சார்ட்டருக்கு வரி போடும் அதிகாரம் கிடையாது. மினசோட்டா வாடகைக்கு உதவி தருகிறது: வாடகையில் 90 சதவீதம், அல்லது மாணவர் அலகு (வகுப்புக்கேற்பக் கணக்கிடும் தலை எண்ணிக்கை) ஒன்றுக்கு 1,314 டாலர், இரண்டில் எது குறைவோ அது. மற்ற மாநிலங்கள் பலவற்றோடு பார்த்தால் இது தாராளம். மீதியைப் பிள்ளையின் படிப்புப் பணத்திலிருந்துதான் எடுத்தாக வேண்டும்.

ஒரு ஜனவரியில் எங்கள் கட்டடத்தின் ஹீட்டர் நின்றது. வெளியே மைனஸ் 25 டிகிரி செல்சியஸ். வாடகை ஒப்பந்தத்தில் 'சிறு பழுது வாடகைக்கு இருப்பவர் பொறுப்பு' என்று ஒரு வரி. ஹீட்டர் சிறு பழுதா, பெரும் பழுதா என்று கட்டட உரிமையாளரோடு காலை ஏழு மணிக்குப் போனில் வாதாடினேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் கோட்டோடு உட்கார்ந்து எழுத்து எழுதினார்கள். கையுறையோடு பென்சில் பிடிக்க வராததால் ஆசிரியை அவர்களை வரிசையில் நிறுத்தி ஒரு வெந்நீர்ப் புட்டியைக் கை மாற்றிக் கை கொடுத்தார். அந்த ஆசிரியையின் சம்பளம் பக்கத்து மாவட்டத்தில் கிடைப்பதைவிடக் குறைவு என்பது போர்டில் இருந்த எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

போர்டுக்கு என்ன வேலை? பெற்றோர் அதில் இருக்க முடியுமா?

இருக்க முடியும், இருக்கவும் வேண்டும். மினசோட்டா சட்டப்படி போர்டில் ஆசிரியர், பெற்றோர், ஊரார் மூன்று தரப்பும் இடம்பெற வேண்டும். பள்ளித் தலைவரை நியமிப்பது, பட்ஜெட் போடுவது, ஒப்பந்தத்தில் சொன்ன இலக்கை எட்டினோமா என்று பார்ப்பது போர்டின் வேலை. சம்பளம் கிடையாது. கூட்டம் பெரும்பாலும் இரவில், பிள்ளைகளின் குட்டி நாற்காலிகளில்.

பாரம் எங்கே என்றால் காகிதத்தில். மாணவர் கணக்கை மாநிலத்துக்கு அனுப்ப மார்ஸ் என்று ஒரு முறை, நிதிக் கணக்குக்கு யூஃபார்ஸ் என்று வேறொன்று, ஆதரைசருக்கு அறிக்கை, வருடாந்தரத் தணிக்கை. நானூறு பேர் வேலை செய்யும் மாவட்டமும் இதே படிவங்களைத்தான் நிரப்புகிறது. அங்கே அதற்கென்று ஒரு துறை இருக்கும். எங்கள் பள்ளித் தலைவர் காலையில் பஸ் இறக்கத்தில் நின்றுவிட்டு, மதியம் சாப்பாட்டுக் கூடத்தைப் பார்த்துவிட்டு, இரவு அவற்றை நிரப்புவார். பொதுப் பணத்துக்குக் கணக்கு கேட்க வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் பள்ளியின் அளவைப் பார்த்துப் படிவத்தின் அளவை வைத்தால் பிள்ளைகளோடு அவர் இருக்கும் நேரம் கூடும்.

சிறப்புக் கவனிப்பு தேவைப்படும் பிள்ளையைச் சேர்ப்பார்களா?

சேர்க்க மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. பொதுப் பள்ளி என்ற வகையில் எல்லாக் கடமையும் உண்டு. 'எங்களிடம் அந்த வசதி இல்லை, உங்களுக்கு மாவட்டப் பள்ளி நல்லது' என்று யாராவது மெதுவாகச் சொன்னால் அது தவறு. எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

நடைமுறையில் கேட்க வேண்டியது: பேச்சுப் பயிற்சியாளர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார்? சிறிய பள்ளிகள் பலவும் இவர்களை ஒப்பந்தத்தில் பகிர்ந்துகொள்கின்றன. செலவில் பெரும்பகுதியை மாநிலமும் பிள்ளை வசிக்கும் மாவட்டமும் தந்துவிடும், ஆனால் காலம் கடந்து வரும். மறுபக்கம், கூட்டத்தைக் கண்டால் பதறும் பிள்ளைகள் சிறிய பள்ளியில் அமைதியாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். முதல் மாதம் முழுக்க மேசைக்கு அடியில் உட்கார்ந்திருந்த ஒரு பையன், மூன்றாம் மாதம் பள்ளிக்கு வரும் விருந்தினருக்குக் கதவு திறப்பவனாக ஆனான். எல்லோருக்கும் அவன் பெயர் தெரிந்திருந்தது, அது உதவியது.

திடீரென்று பள்ளி மூடிவிட்டால்?

இந்த பயம் நியாயமானது. ஒற்றைப் பள்ளிகள் மூடுவது உண்டு, பெரும்பாலும் பிள்ளை எண்ணிக்கை குறைந்து பணம் தீர்ந்ததால். நடு வருஷத்தில் மூடினால் குடும்பங்கள் படும் பாடு கொடுமை. ஊர்ப் பள்ளி உங்கள் பிள்ளையைச் சேர்த்தே ஆக வேண்டும் என்பது மட்டும் ஆறுதல்.

முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தணிக்கை அறிக்கையில் கையிருப்பு எவ்வளவு என்று பாருங்கள். மூன்று வருஷ எண்ணிக்கை ஏறுகிறதா, இறங்குகிறதா? ஒப்பந்தம் எப்போது முடிகிறது? இவை எல்லாம் பொது ஆவணங்கள். நன்றாக நடக்காத சிறிய பள்ளி மூடப்படுவதில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைகள் படிக்காத இடத்தை 'குடும்பம் மாதிரி இருக்கிறது' என்பதற்காகக் காப்பாற்றக் கூடாது.

ஊர்ப் பள்ளியின் பணத்தை இவை பறிக்கவில்லையா?

பிள்ளை போகும் இடத்துக்குப் பணம் போகிறது. ஊர்ப் பள்ளியின் செலவு அதே வேகத்தில் குறையாது: ஒரு வகுப்பில் இரண்டு பேர் குறைந்தால் ஆசிரியரைக் குறைக்க முடியாது. அதனால் இழப்பு உண்மையானதுதான். 2016-ல் மாசசூசெட்ஸ் மக்கள் சார்ட்டர் எண்ணிக்கையைக் கூட்டும் தீர்மானத்தை 62 சதவீதம் வாக்களித்துத் தோற்கடித்தபோது இதுதான் முக்கிய வாதம். நூற்று நாற்பது பிள்ளைகள் உள்ள பள்ளியால் மாவட்டத்துக்கு வரும் இழப்பும், ஆறு வருஷத்தில் பன்னிரண்டு கிளை திறக்கும் நெட்வொர்க்கால் வரும் இழப்பும் ஒன்றாகாது. வாக்குச் சீட்டில் இரண்டும் ஒரே பெயரில் வருகின்றன.

சேர்க்கை எப்படி நடக்கிறது?

விண்ணப்பம், இடத்தைவிட ஆள் அதிகம் என்றால் குலுக்கல். மினசோட்டாவில் ஏற்கெனவே படிக்கும் பிள்ளையின் உடன்பிறந்தவர்களுக்கு முன்னுரிமை. சிபாரிசு செல்லாது. தேதியைத் தவறவிட்டாலும் சிறிய பள்ளிகளில் ஆகஸ்ட் மாதம் இடம் காலியாவது சகஜம், போன் செய்து கேளுங்கள்.

பள்ளியைப் பார்க்கப் போனால் எதைக் கவனிக்க வேண்டும்?

எத்தனை ஆசிரியர்கள் மூன்று வருஷத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்று கேளுங்கள். மற்ற எல்லாக் கேள்விக்கும் மேலானது இது. பிறகு கணக்கு வகுப்பில் பத்து நிமிஷம் உட்காருங்கள். சுவரில் ஒட்டியிருக்கும் பிள்ளைகளின் எழுத்தைப் படியுங்கள், அதில் ஒவ்வொன்றும் வேறு வேறாக இருக்கிறதா என்று பாருங்கள். 'உங்கள் பள்ளியில் என்ன புதிது?' என்று தலைவரிடம் கேட்டால் அவர் ஒரு பிள்ளையைப் பற்றிப் பேசத் தொடங்குகிறாரா, மடிப்பிதழை நீட்டுகிறாரா என்பதிலும் விஷயம் இருக்கிறது. 'எதில் சறுக்கினீர்கள்?' என்றும் கேளுங்கள். நல்ல பள்ளியில் உடனே பதில் வரும்.

நாம் சேர்ந்து ஒரு தமிழ் வழி சார்ட்டர் தொடங்க முடியாதா?

ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருவர் ஆசையோடு கேட்கிறார். சட்டம் தடுக்கவில்லை. முன்மாதிரியும் இங்கேயே இருக்கிறது. செயின்ட் பாலில் 2005-ல் ஜெர்மன் வழிப் பள்ளி வந்தது. இன்று மினியாபொலிஸில் இருக்கும் யிங்ஹுவா என்ற சீன வழிப் பள்ளி 2006-ல் வந்தது. தென்கிழக்கு ஆசியாவிலிருந்து வந்த மங் மக்களும் சோமாலி மக்களும் தங்கள் பிள்ளைகளை மனதில் வைத்துப் பள்ளிகள் நடத்துகிறார்கள்.

நமக்கு இருக்கும் தடை மூன்று. பள்ளி எல்லோருக்கும் திறந்தது, தமிழ்ப் பிள்ளைகளுக்கு மட்டும் என்று ஒதுக்க முடியாது. ஆகவே தமிழ் அறியாத வீட்டுப் பிள்ளைகளும் விரும்பி வரும்படி இருக்க வேண்டும். மினசோட்டாவில் சார்ட்டர் ஆசிரியருக்கும் மாநில உரிமம் வேண்டும். தமிழில் அறிவியல் நடத்தத் தெரிந்து, இங்கத்திய உரிமமும் உள்ளவர்களைத் திரட்டுவதுதான் கடினம். மூன்றாவது தூரம். நம் குடும்பங்கள் நகரைச் சுற்றி நாலாபக்கமும் சிதறி இருக்கின்றன. ஏழு வயதுப் பிள்ளையைத் தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் உட்கார வைக்க எத்தனை பேர் சம்மதிப்பார்கள்?

இருந்தாலும் நடக்காது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆசை உள்ளவர்கள் முதலில் பக்கத்தில் உள்ள ஒற்றைப் பள்ளி ஒன்றின் போர்டு கூட்டத்துக்குப் போய்க் கடைசி வரை உட்காருங்கள். சட்டப்படி அது எல்லோருக்கும் திறந்த கூட்டம், தேதி பள்ளியின் இணையதளத்தில் இருக்கும். பட்ஜெட் பேசும் மாதமாகப் பார்த்துப் போங்கள். அடுத்த சனிக்கிழமை வந்து என்ன பார்த்தீர்கள் என்று சொல்லுங்கள், அங்கிருந்து பேசலாம்.